விஜயகலாவின் பிடிப்பில்லாத வருடம்

வருடத்தில் பத்து மாதம் விஜயகலா தோட்டத்து ஒபிசின் பக்கவாட்டு ஜன்னலில் நின்று சம்பளத் துண்டை வாங்குகிறார். மிச்ச இரண்டு மாதம் முன்படி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கிளாக்கரின் மேசைக்கே போய் வாங்குகிறார். இப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. தீபாவளி முற்பணத்தைத் தோட்டம் பத்துத் தவணையாகச் சம்பளத்தில் கழிக்கிறது. கழித்து முடிந்த பிறகு அடுத்த முற்பணம் வரும்வரை இரண்டு மாத இடைவெளி. "அந்த ரெண்டு மாசம் நான் யாருக்கும் கடங்காரி இல்ல. அப்ப நான் ஏன் ஜன்னல்ல நிக்கணும்?" என்கிறார்.

சம்பளத்தில் கழிப்பதற்கு இங்கே புடிப்பு என்று பெயர். அரிசிக்குப் புடிப்பு உண்டு, தேயிலைத்தூளுக்கு உண்டு, சவப்பெட்டிக்கும் உண்டு. கலவானைக்குப் போகும் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் இறப்பர்த் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் விஜயகலா பால் வெட்டுகிறார். வயது ஐம்பத்தொன்று. தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பேரு போட்டீங்கன்னா தொரை உங்கள கூப்பிட மாட்டாரு. என்னத்தான் கூப்பிடுவாரு."

யார் எதைக் கொடுத்தாலும் அவருடைய முதல் கேள்வி, "இதுக்கு புடிப்பு எவ்வளவு?" கேட்கும்போது வலது கை சேலைத் தலைப்புக்குள் இருக்கும். பதில் வந்த பிறகுதான் கை வெளியே வரும். தேர்தல் நேரத்தில் தொப்பி கொடுக்க வந்த கட்சிக்காரர்களிடம் கேட்டிருக்கிறார். கிளினிக்கில் பிரஷர் மாத்திரை கொடுத்த தாதியிடம் கேட்டிருக்கிறார். கோயில் அன்னதானத்தில் யாருடைய உபயம் என்று தெரியாமல் வாழையிலை முன் உட்கார மாட்டார். கலவானை பஸ் நிலையத்தில் மாதிரிக்குச் சின்ன ஷாம்பு பக்கெட் நீட்டிய பெண் பிள்ளை, சிங்களத்தில் "நொமிலே அம்மே", இலவசம் அம்மா, என்று சொல்லியிருக்கிறாள். "இன்னிக்கு நொமிலே, அடுத்த மாசம் எவ்வளவு?" என்று இவரும் சிங்களத்திலேயே கேட்டதில், அந்தப் பிள்ளை பக்கெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் போய்விட்டாள். தொழிலாளர் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் லயத்தில் அவருக்குப் ‘புடிப்பு அக்கா’ என்று பெயர். பிள்ளைகள் டொபி பங்கிடும்போதுகூட "புடிப்பு உண்டா?" என்று அவருடைய குரலில் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவருக்கு அது தெரியும். கோபம் இல்லை.

சிங்களம் அவருக்குத் தமிழைப் போலவே வரும். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததால், ஐந்தாம் வகுப்புவரை கிராமத்துச் சிங்களப் பள்ளியில் படித்தார். கையெழுத்தும் சிங்களத்தில்தான் போடுகிறார்.

வேலையில் வேகமான ஆள். முந்தின நாள் சிரட்டையில் உறைந்துபோன ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்து, விரலில் சுற்றி, இடுப்புப் பையில் போடுகிறார். கத்தி பட்டையில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார். புளித்த பால் வாசம் உடம்பைவிட்டுப் போவதில்லை. பஸ்சில் ஓர் இளைஞர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாராம். "மல்லி, நீ மூக்க பொத்துறது ஒன் செருப்பு வாசத்துக்குத்தான்," என்று, தம்பியைச் சிங்களத்தில் அழைக்கும் மல்லியோடு சொல்லிவிட்டு, காலியான பாதி சீற்றில் பையை வைத்துக்கொண்டார்.

புடிப்புப் பற்றிய இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விஜயகலா மேலே கையைக் காட்டுகிறார். கூரைத் தகரம். அவருக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது ஒரு காற்றில் லயத்துக் கூரை பறந்தது. தோட்டம் புதுத் தகரம் கொடுத்தது. மாலை போட்டார்கள், பேசினார்கள், அன்பளிப்பு என்று போர்டு எழுதி லயத்தின் முன்னால் மாட்டினார்கள். அடுத்த மாதம் அப்பாவின் சம்பளத் துண்டில் ஒரு புதுப் புடிப்பு இருந்தது. அது பல வருடம் ஓடியது. அப்பா இறந்த மாதம் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். "அவரு பேர வெட்டிட்டு என் பேருக்கு மாத்திட்டாங்க. சாவுக்கு வந்த சனம்கூட இன்னும் போய் முடியல." மகள் நிரோஷா பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம்தான் கடைசித் தவணை முடிந்தது. அதற்குள் தகரம் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியிருந்தது. "கட்டி முடிச்ச அன்னைக்கு சட்டிய வச்சு மழத்தண்ணி புடிச்சேன்," என்கிறார். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். அந்தச் சிரிப்பில் மற்றவர்கள் கலந்துகொள்வதில்லை.

கடந்த வருடம் அவர் ஒரு முடிவு எடுத்தார். தீபாவளி முற்பணம் வேண்டாம். கணவர் அழகமுத்து கிராமத்துக்காரர் ஒருவரின் சிறிய தேயிலைத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறார். அவரிடம் கேட்டபோது, "நீ வேணாம்னா எனக்கும் வேணாம், ஆனா ஆட்டிறைச்சி வேணும்," என்றாராம். கோழி வாங்கினார்கள். சேலை எடுக்கவில்லை. ஆயுளில் ஒரு முறையாவது பன்னிரண்டு மாதமும் முன்படி ஏற வேண்டும் என்பது விஜயகலாவின் திட்டம். சங்கச் சந்தாவும் கோயில் காசும் போகத்தானே செய்கின்றன என்று கிளாக்கர் சீண்டியிருக்கிறார். "அது புடிப்பு இல்ல. சங்கம் நம்ம சங்கம், சாமி நம்ம சாமி. நீங்க துண்ட குடுங்க," என்றார் மேசைக்கு முன்னால் நின்று.

மறு மாதம் மழை வந்தது. நவம்பர் கடைசியில் பெய்த அந்த மழையில் ஆறு சந்திக் கடைகளுக்குள் புகுந்தது. கீழ்ப்பிரிவு லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு பாதி சரிந்து வடிகால் கானை மூடியது. லயத்தில் விஜயகலா குடியிருக்கும் காம்பராவின் பின்சுவர் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை வெடித்தது. விரல் உள்ளே போகும். மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். இருக்கக்கூடாது. ஆனால் எங்கே இருப்பது என்று நோட்டீசில் இல்லை. மழை இரவுகளில் லயமே பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் படுக்கிறது. பகலில் வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. அழகமுத்து மட்டும் போவதில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு மண்மேட்டைப் பார்த்தபடி வெளியே நிற்கிறார். "நான் பாத்துக்கிட்டே இருந்தா அது வராது," என்பது அவருடைய கணக்கு.

பிறகு அரசாங்கத்தின் அவசர உதவி அறிவிக்கப்பட்டது. துப்புரவுக்கு ஒரு தொகை, வெளியே வாடகைக்கு இருக்க மாதாமாதம் ஒரு தொகை, காணி கிடைத்தால் வீடு கட்ட ஒரு பெரிய தொகை. ரேடியோவில் கோடிகளில் சொன்னார்கள். பிரதேச செயலகத்திலிருந்து படிவங்கள் வந்தன. கீழ்ப்பிரிவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். விஜயகலா போடவில்லை.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் இந்திரகுமார் முதலில் வந்தார். படிவங்களைச் சேர்ப்பது அவர் பொறுப்பு.

"அக்கா, இதுக்கு புடிப்பு இல்லக்கா. நொமிலே."

"நொமிலேயா? அப்ப கட்டாயம் இருக்கு."

"ஒரு கையெழுத்து போட்டா வானம் இடிஞ்சு விழுந்துருமா?"

"வானம் விழாது தலைவரே. மண்ணுதான் விழும். அது போட்டாலும் விழும், போடாட்டியும் விழும்."

"விழட்டும், ஒங்க மேல விழட்டும்," என்று சொல்லிவிட்டுப் போன தலைவர், அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். விஜயகலா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். படிவத்தை வாங்கவில்லை.

லயத்தில் இதைப் பிடிவாதம் என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள். விஜயகலாவின் எண்ணம் எளிமையானது. யாரோ கையெழுத்து வாங்கிக்கொண்டு சும்மா கொடுக்கிறார்கள் என்றால் அது புடிப்பில் போய் முடியும். வாடகைக் காசு சிறிய தகரம். வீட்டுக் காசு மிகப் பெரிய தகரம். அவருக்கு ஐம்பத்தொரு வயது. சம்பளத்தில் பிடித்து முடிப்பதற்குள் அவர் பெயரை வெட்டிவிட்டு யாருடைய பெயரை எழுதுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பெயர் நிரோஷா. மூன்று வருடத்துக்கு முன் கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். மார்ச் இருபதாம் திகதி நல்ல நாள் என்று குறித்துவிட்டார்கள். வெடித்த சுவருக்கு இந்தப் பக்கம்தான் கட்டில் இருக்கிறது. வாடகைக் காசு வந்தால் சந்திக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுக்கலாம். ஓர் அறையைப் பார்த்தும் வைத்திருக்கிறார்கள். மருமகன் தொலைபேசியில், அங்கே சரிவராவிட்டால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். தலைப்பிள்ளையை மாமியார் வீட்டில் பெறுவதா என்று விஜயகலா இரண்டு நாள் அழகமுத்துவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் படிவம் தலைவரின் பையிலேயே இருந்தது. ஜனவரியில் முதல் பட்டியல் மூடப்பட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாடகை அறைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அழகமுத்துவிடம் கேட்டால், "அவ கேட்ட கேள்விக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க. நான் வேற என்னத்த சொல்ல?" என்றார்.

பதில் சொல்ல முதலில் முயன்றவர் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் றிஸாத். வெள்ளம் அவர் கடையில் நெஞ்சளவு நின்றது. சுவரில் அந்தக் கோட்டுக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். கீழே அடிக்கவில்லை, அடுத்த வெள்ளம் வரும்போது அந்தச் சுண்ணாம்புச் செலவு மிச்சம் என்கிறார்.

"அக்கா, நீங்க கையெழுத்து வெக்கலன்னு செல்றாங்க. வெக்காட்டி ஒங்களுக்கு புடிக்க மாட்டாங்களா? இந்தா இந்த சீனி. இதுலயே புடிச்சிட்டு ஈக்கான். சவர்க்காரத்துல புடிக்கிறான். நீங்க மகளோட போன்ல பேசுறதுலயும் புடிக்கிறான்."

"நீ சீனிக்கு வெல கூட்டிட்டு அரசாங்கத்து மேல போடாத."

"அல்லாவே, நான் எங்கக்கா கூட்டுற?"

விஜயகலா சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மிச்சக் காசுக்குப் பதிலாக றிஸாத் நீட்டிய டொபியை எடுக்கவில்லை. வரும் வழியில் அவர் சொன்னது: "கடக்காரன் சொன்னா பேச்சு. ஒபிஸ்காரன் வாயால சொன்னாத்தான் கணக்கு."

ஒபிஸ்காரர் பெப்ரவரி நடுவில் மூன்றாவது தடவையாக வந்தார். பெயர் ஜதீஸ்வரன். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வடக்கே வடமராட்சிக்காரர். சபரகமுவவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது, இந்த மழைக்கு இன்னும் பழகவில்லை. மூக்கு ஒழுகும் தடிமனோடும் நனைந்த சப்பாத்தோடும் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளின் குட்டி மேசைக்கு முன்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைவர் இந்திரகுமார். எதிரே விஜயகலா, நின்றபடி, வலது கை தலைப்புக்குள்.

"அக்கா, இது கடன் இல்லை. ஒருத்தரும் உங்களிட்டைத் திருப்பிக் கேக்க மாட்டினம். வேணுமெண்டா எழுதித் தரட்டோ?"

"எழுதி வேணாம் சேர். தகரத்துக்கும் போர்டு எழுதித்தான் மாட்டினாங்க."

"அக்கா, அது தோட்டம். இது அரசாங்கம்," என்றார் தலைவர்.

"அரசாங்கம் மட்டும் மரத்துல வெட்டியா காச எடுக்குது? அதுவும் கடன் வாங்கித்தானே குடுக்குது. நாலு வருசத்துக்கு முந்தி நாட்டுக்கு கடன் கட்ட முடியலன்னு சொன்னாங்க. மண்ணெண்ணைக்கு வரிசையில நின்னது யாரு? நானும் எங்க வீட்டுக்காரரும். வாங்குனது நாங்களா?"

தலைவர் ஜதீஸ்வரனைப் பார்த்தார். மறுக்கச் சொல்லும் பார்வை அது. ஜதீஸ்வரன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் அக்கா, கடன் வாங்கித்தான் குடுக்குது. உள்ளதைச் சொல்லுறன். கையிலை இருந்த காசையும் போட்டவை. காணாதெண்டு வெளியிலையும் கடன் வாங்குகினம். கட்டி முடிக்கக் கனகாலம் செல்லும்."

"சேர், நீங்க கொஞ்சம்..." என்று தலைவர் எழுந்தார். விஜயகலா இடது கையால் அவரை உட்காரச் சொன்னார்.

"யாரு பேர்ல புடிப்பாங்க?"

"ஒருத்தற்றை பேரிலையும் இல்லை. எல்லாரிட்டையும் பிடிப்பினம். சீனியிலை, சவர்க்காரத்திலை, பஸ் காசிலை. என்ரை சம்பளத்திலையும் பிடிக்கினம்."

"கையெழுத்து போட்டவங்ககிட்ட மட்டுமா?"

"போடாத ஆக்களிட்டையும் தான்."

"நிரோஷா வயித்துல இருக்கிறதுக்கு?"

ஜதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையும் ஈரம்தான்.

"அதுக்கும் தான் அக்கா. அது வளந்து வேலைக்குப் போற காலத்திலையும் இருக்கும்."

மூலையில் தொட்டிலில் ஒரு குழந்தை அழத் தொடங்கி, ஆயா தட்டியதும் நிறுத்தியது.

"அப்ப அதுக்கு பொறக்க முந்தியே புடிப்பு இருக்கு. வீடு மட்டும் இல்லையா?" என்றார் விஜயகலா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு வலது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். "இத மொத நாளே சொல்லியிருக்கலாம் தானே தம்பி. பேனாவ குடுங்க."

சேர் தம்பியானதை ஜதீஸ்வரன் கவனித்ததாகத் தெரியவில்லை. தலைவர்தான் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"புடிப்பு இல்ல, புடிப்பு இல்லன்னு ரெண்டு மாசமா தொண்ட தண்ணி வத்த கத்துனேனே! உண்டுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பீங்களா?"

"உண்டுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

சிங்கள எழுத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். ஜதீஸ்வரனுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. தலைவர் வாசித்துச் சொல்ல, அவர் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். முதல் பட்டியல் போய்விட்டது என்றும், இது இரண்டாவது பட்டியலில்தான் வரும் என்றும் சொன்னார். காசு எப்போது வரும் என்று விஜயகலா கேட்டார். ஜதீஸ்வரன் திகதி சொல்லவில்லை, கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆயா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஜதீஸ்வரன் கோப்பையை எடுக்கும் முன், இதற்குப் பிடிப்பு எவ்வளவு என்று கேட்டார். அவர் பகிடி விட்டதை இந்தத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. "குடிங்க தம்பி, சீனியிலயே புடிச்சாச்சு," என்றார் விஜயகலா.

மார்ச் பத்தாம் திகதி சம்பளத் துண்டு கொடுத்தார்கள். மழையால் வேலை குறைந்த மாதம், சம்பளமும் குறைவு. கிளாக்கர் விஜயகலாவின் துண்டை எடுத்து மேசையின் முன்பக்கம் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் ஆள் இல்லை. பக்கவாட்டு ஜன்னலில் நின்ற வரிசை மெல்ல நகர்ந்தது.

"என்னக்கா இங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க. ஒங்களுக்குத்தான் ஒரு புடிப்பும் இல்லையே," என்றார் கிளாக்கர் ஜன்னல் வழியாக.

விஜயகலா வரிசையைவிட்டு நகரவில்லை. முன்னால் நின்ற பெண் நகர்ந்ததும், கம்பிகளுக்கு இடையே வலது கையை நீட்டினார்.

மார்ச் இருபதாம் திகதி நிரோஷா வருகிறார். இரண்டாவது பட்டியலுக்குக் காசு வரும் திகதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அழகமுத்து கட்டிலை முன்சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறார்.